கோச் ஏன் "ஹலோ"வோடு நிறுத்திக்கொண்டார்?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெக்சாஸில், டல்லாஸ் பக்கத்து ஃபிரிஸ்கோவிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். மகள் பத்தாம் வகுப்பு, டென்னிஸ் ஆடுகிறாள். போன மாதம் ஒரு டோர்னமென்ட்டில் பெரிய பல்கலைக்கழகத்தின் கோச் ஒருவர் வேலியோரம் நின்று அவள் ஆட்டத்தை முழுதாகப் பார்த்தார். ஆட்டம் முடிந்து இவர்கள் எதிரே போனபோது "ஹலோ" என்று ஒரு சொல், அதோடு விறுவிறுவென்று நடையைக் கட்டிவிட்டார். அவருக்கு மெயில் போட்டால் பதிலுக்கு வந்தது ஒரு படிவம் மட்டும். கணவரின் நண்பர் ஒருவர் அதே பல்கலைக்கழகத்தில் படித்தவர், அங்குள்ள விளையாட்டுத் துறைக்கு வருடாவருடம் நன்கொடை கொடுப்பவர். "நான் கோச்சிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன்" என்கிறாராம். சொல்லவிடலாமா? கூடவே இன்னொன்று: சென்னையில் இருக்கும் அக்கா மகனுக்கு அமெரிக்க ஸ்காலர்ஷிப் வாங்கித் தர ஓர் ஏஜென்ட் பதினைந்து சதவீதம் கேட்கிறார், அது முறைதானா?

நண்பரை வாயைத் திறக்கவிடாதீர்கள். ஏஜென்ட்டுக்குச் சதவீதக் கணக்கில் ஒரு காசு கூடக் கொடுக்காதீர்கள். கோச் "ஹலோ"வோடு நிறுத்தியது உங்களுக்கு நல்ல செய்தி. அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். மற்றவர்களுக்குக் காரணம் சொல்கிறேன், ஏனென்றால் காரணம் தெரியாதவர்கள்தான் இந்த விதிகளில் தடுக்கி விழுகிறார்கள். நான் ஒன்பது ஆண்டுகள் ஒரு பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்தில், அதாவது விதிப்படி எல்லாம் நடக்கிறதா என்று பார்க்கும் இடத்தில், உட்கார்ந்திருந்தவன். கோச்சுகள் எங்களை வாசலில் பார்த்தாலே ஃபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள்.

கோச்சிலிருந்து ஆரம்பிக்கலாம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் பெரிய அமைப்பு என்.சி.ஏ.ஏ. 1906-ல் தொடங்கியது, இண்டியானாபொலிஸில் தலைமையகம், ஏறக்குறைய 1,100 கல்லூரிகள், மூன்று டிவிஷன்கள். நீங்கள் சொல்லும் பல்கலைக்கழகம் டிவிஷன் ஒன்று, அதாவது மேல்மட்டம். அங்கே டென்னிஸ் உட்படப் பெரும்பாலான விளையாட்டுகளில், மாணவி பத்தாம் வகுப்பு முடித்த பிறகு வரும் ஜூன் 15 வரை கோச் அவளுடன் ஆள் சேர்க்கும் பேச்சே பேசக் கூடாது. ஃபோன், மெசேஜ், மெயில் எதுவும் ஆகாது. நீங்களாகக் கூப்பிட்டாலும் அவர் எடுத்துப் பேசக் கூடாது. அதுவரை அவர் அனுப்ப முடிந்தவை கேள்விப் படிவம், கேம்ப் விளம்பரம், என்.சி.ஏ.ஏ. கையேடு போன்ற பொதுத் தாள்கள்தான். உங்களுக்கு வந்த படிவம் அந்த வகை. அதை நிரப்பி அனுப்புங்கள், அவர்களுடைய பட்டியலில் பெயர் ஏறும்.

கோர்ட் பக்கம் நடந்ததற்கும் கணக்கு இருக்கிறது. கல்லூரி வளாகத்துக்கு வெளியே நேருக்கு நேர் பார்த்து, முகமன் சொல்வதற்கு மேல் ஏதாவது பேசினால் அது விதியின் கண்ணில் 'கான்டாக்ட்' ஆகிவிடுகிறது. தற்செயலாக எதிர்ப்பட்டால் ஒரு வணக்கம், அவ்வளவுதான். "நல்லா ஆடினே, உன் பேக்ஹேண்ட் பிரமாதம்" என்று ஒரு வரி கூடினாலும் அவர் மறுநாள் என்னைப் போன்ற ஒருவரிடம் வந்து உட்கார வேண்டியிருக்கும். முழு ஆட்டமும் நின்று பார்த்த மனிதர் வணக்கத்தோடு நிறுத்திக்கொண்டார் என்றால், பின்னால் பேச வேண்டியிருக்கும் என்று நினைக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். ஆர்வம் இல்லாதவர் முதல் செட்டிலேயே பக்கத்துக் கோர்ட்டுக்குப் போயிருப்பார்.

இந்தத் தேதிக் கட்டுப்பாடு 2019-ல்தான் பெரும்பாலான விளையாட்டுகளுக்கு இந்த வடிவத்தில் வந்தது. அதற்கு முன்னால் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கூட வாய்மொழியாக ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சரி சொல்லிவிடுவார்கள். பதினான்கு வயதில் தந்த வாக்கு, பதினெட்டு வயதில் கோச் மாறிப் போயிருப்பார், கையில் ஒரு துண்டுச் சீட்டு கூட இருக்காது. அந்தக் கூத்தை நிறுத்தத்தான் கதவைப் பத்தாம் வகுப்பு வரை சாத்தினார்கள். பெற்றோர்கள் எரிச்சல்படுவது எனக்குத் தெரியும். ஆனால் கையேட்டில் எனக்கு மனதாரப் பிடித்த விதிகள் கொஞ்சம்தான், இது அவற்றில் ஒன்று.

ஜூன் 15-க்குப் பிறகு பேசலாம். ஆகஸ்ட் 1 முதல், அதாவது பதினோராம் வகுப்பு தொடங்கும் முன், வளாகத்துக்குப் போய் கோச்சைச் சந்திக்கலாம். அந்தப் பயணம் இரண்டு வகை. பல்கலைக்கழகமே பயணம், தங்கல், சாப்பாடு என்று செலவு செய்து கூப்பிடுவது அஃபிஷியல் விசிட். ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பொதுவாக ஒரு முறைதான். எத்தனை பல்கலைக்கழகங்களுக்குப் போகலாம் என்று முன்பு ஐந்து என்ற வரம்பு இருந்தது, 2023-ல் அதை எடுத்துவிட்டார்கள். நீங்களே செலவு செய்து போவது அன்அஃபிஷியல் விசிட், எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். வருடத்தின் எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். விளையாட்டுக்கு விளையாட்டு நாட்காட்டி வேறு. 'டெட் பீரியட்' என்று குறித்த நாட்களில் ஃபோனில் பேசலாம், எழுதலாம், ஆனால் நேரில் எங்கேயும் பார்க்கக் கூடாது. கொரோனா காலத்தில் அந்த டெட் பீரியட் 2020 மார்ச் முதல் 2021 மே முடியும் வரை நீண்டது. அந்தப் பதினைந்து மாதத்தில் ரகசியமாக ஆள் வரவழைத்த சில பெரிய அமெரிக்கக் கால்பந்து (நம்ம ஊர் கால்பந்து இல்லை) அணிகள் பின்னால் படாத பாடு பட்டன.

டிவிஷன் மூன்றில் கதை வேறு. அங்கே விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது, ஆனால் கோச் எப்போது வேண்டுமானாலும் மெயிலுக்குப் பதில் போடலாம். படிப்பில் உச்சத்தில் இருக்கும் பல சிறு கல்லூரிகள் அந்த டிவிஷனில்தான் இருக்கின்றன. நம் வீடுகளில் "டிவிஷன் ஒன்றா?" என்பது "ஐ.ஐ.டி.யா?" என்று கேட்பது மாதிரி ஆகிவிட்டது. அது தேவையில்லாத மோகம் என்பது என் எண்ணம்.

இனி நண்பர் விஷயம்.

பல்கலைக்கழக விளையாட்டுத் துறைக்கு நன்கொடை கொடுத்தவர், ஆட்டக்காரர்களைக் கொண்டுவர உதவியவர், ஆட்டக்காரருக்கோ அவர் குடும்பத்துக்கோ ஏதாவது செய்து கொடுத்தவர், இவர்களுக்கெல்லாம் பேச்சுவழக்கில் பூஸ்டர் என்று பெயர். ஒருமுறை பூஸ்டர் ஆனவர் ஆயுளுக்கும் பூஸ்டர். நன்கொடையை நிறுத்தினாலும் முத்திரை போகாது. பூஸ்டர், பல்கலைக்கழகத்தின் சார்பில் ஆட்டக்காரரையோ பெற்றோரையோ இழுக்கப் பேசக் கூடாது, பரிசு கொடுக்கக் கூடாது, விருந்து வைக்கக் கூடாது. விதியின் கண்ணில் அவர் செய்வது பல்கலைக்கழகமே செய்தது மாதிரி.

அவர் உங்கள் வீட்டுக் கொலுவுக்கு வரலாமா என்றால், தாராளமாக வரலாம். மகள் டென்னிஸ் மட்டையைக் கையில் எடுக்கும் முன்னாலிருந்தே பழக்கம், அந்தப் பழக்கத்துக்கும் அவள் ஆட்டத்துக்கும் சம்பந்தமில்லை என்றால், பழைய குடும்ப நட்புக்கு விதி இடம் தருகிறது. பிறந்தநாளுக்கு எப்போதும் போல ஒரு புத்தகம் கொடுத்தால் தப்பில்லை. ஆனால் இந்த வருடம் திடீரென்று புத்தகத்துக்குப் பதில் புது லேப்டாப் வந்தால் கேள்வி வரும். அவர் கோச்சைக் கூப்பிட்டு "இந்தப் பெண்ணைக் கொஞ்சம் பாருங்கள்" என்றால் உங்களுக்கு எந்த லாபமும் இல்லை. கோச் ஏற்கெனவே நின்று பார்த்துவிட்டார். அந்த ஃபோன் மூலம் நடப்பது ஒன்றுதான்: இதுவரை சுத்தமாக இருக்கும் உங்கள் மகளின் கோப்பில் ஒரு பூஸ்டரின் பெயர் ஏறும்.

பூஸ்டர் என்ற சொல்லைக் கேட்டாலே பல்கலைக்கழகங்கள் ஏன் இப்படிப் பதறுகின்றன என்பதற்கான கதை உங்கள் ஊரிலேயே இருக்கிறது. டல்லாஸில் உள்ள சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம், எஸ்.எம்.யூ. எண்பதுகளில் அதன் கால்பந்து அணி நாட்டிலேயே முன்வரிசை. ஆட்டக்காரர்களுக்குப் பூஸ்டர் பணத்திலிருந்து மாதாமாதம் ரகசியச் சம்பளம் போய்க்கொண்டிருந்தது. 1985-ல் ஏற்கெனவே தண்டனை வாங்கிய பிறகும் நிறுத்தவில்லை. அந்தத் தண்டனைக்குப் பிறகு மட்டும் 13 பேருக்கு ஏறக்குறைய 61,000 டாலர். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று பணத்தைத் தொடர முடிவெடுத்தவர்களில் ஒருவர் பல்கலைக்கழக ஆளுநர் குழுவின் தலைவராக இருந்த பில் கிளெமென்ட்ஸ். விவகாரம் வெடித்தபோது அவர் டெக்சாஸ் மாநில ஆளுநர். 1987 பிப்ரவரியில் என்.சி.ஏ.ஏ. அந்த ஆண்டு ஆட்டம் முழுவதையும் ரத்து செய்தது. அடுத்த ஆண்டு அணி திரட்ட ஆளில்லாமல் எஸ்.எம்.யூ. தானே ஒதுங்கிக்கொண்டது. 'மரண தண்டனை' என்று இன்றும் பேசப்படும் அந்தத் தீர்ப்புக்குப் பிறகு அவர்கள் ஒரு பௌல் ஆட்டத்துக்கு (சீசன் முடிவில் நன்றாக ஆடிய அணிகளுக்கு நடப்பது) தகுதி பெற 2009 ஆக வேண்டியிருந்தது. பூஸ்டர்களில் சிலருக்குத் தடை விழுந்ததே தவிர அவர்கள் சொத்து குறையவில்லை. தெருவில் நின்றது அணிதான்.

விதிகள் சில்லறைத்தனமாக இல்லையா என்று கேட்டால், இருக்கின்றன, மறைக்க மாட்டேன். ஒரு காலத்தில் ஆட்டக்காரர்களுக்கு இடைத்தீனியாக வெறும் பேகல் ரொட்டி கொடுக்கலாம், அதில் க்ரீம் சீஸ் தடவினால் அது சாப்பாடு ஆகிவிடும், கூடாது என்று விதி இருந்தது. ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் ஒரு விருந்தில் மூன்று பேர் அளவுக்கு மேல் பாஸ்தா சாப்பிட்டுவிட்டார்கள் என்று பல்கலைக்கழகமே தன் மேல் புகார் எழுதிக்கொண்டது. பரிகாரம்: ஆளுக்கு 3.83 டாலர் தர்ம காரியத்துக்கு. 2014-ல் செய்தி வெளியானபோது நாடே சிரித்தது. அதே வருடம் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டைத் தூக்கிவிட்டார்கள்.

சிரிப்பதற்கு நடுவில் ஒன்றைக் கவனியுங்கள். பாஸ்தா சாப்பிட்ட மூவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. புகாரை எழுதிய பல்கலைக்கழகத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. எழுதிக் கொடுத்ததால்தான் ஆகவில்லை. இதை எங்கள் அலுவலகத்தில் புதிதாக வரும் ஒவ்வொரு துணைக் கோச்சுக்கும் சொல்லி வாய் வலித்துப் போனது. என் காலத்தில் ஒருவர் கால்சட்டைப் பையில் இருந்த ஃபோன் தானாக அழுத்துப்பட்டு, பேசக் கூடாத வயதில் இருந்த ஒரு பையனுக்கு அழைப்பு போய்விட்டது. மறுநாள் காலை எட்டு மணிக்கு வியர்த்து விறுவிறுத்து வந்து நின்றார். ஒரு பக்கப் படிவம், இரண்டு வாரம் அந்தப் பையனைத் தொடர்புகொள்ளத் தடை, தீர்ந்தது. இந்த மாதிரிச் சின்ன மீறல்கள் மூன்றாம் நிலை. நாடு முழுக்க வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் பதிவாகின்றன, யார் வேலையும் போவதில்லை.

இதற்கு நேர்மாறான கதை புரூஸ் பேர்ல் என்பவருடையது. டென்னசி பல்கலைக்கழகக் கூடைப்பந்துத் தலைமைக் கோச். 2008 செப்டம்பரில் தன் வீட்டுத் தோட்டத்தில் ஒரு விருந்து வைத்தார். பதினோராம் வகுப்பு ஆட்டக்காரர்களும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அந்த வயதினரை வளாகத்துக்கு வெளியே, தன் வீட்டில் சந்திக்கக் கூடாது. அதாவது, குற்றம் என்று பார்த்தால் ஒரு தட்டு பார்பெக்யூ. அவராகச் சொல்லியிருந்தால் சின்னத் தண்டனையோடு போயிருக்கும். 2010-ல் விசாரணை அதிகாரிகள் அந்த விருந்தில் எடுத்த படத்தைக் காட்டி, இது எந்த இடம் என்று கேட்டார்கள். தெரியாது என்றார். அது அவருடைய சொந்த வீடு. அந்த மாணவர்களில் ஒருவரின் அப்பாவையும் கூப்பிட்டு, வெளியே சொல்ல வேண்டாம் என்கிற தொனியில் பேசியிருந்தார். 2011 மார்ச்சில் வேலை போயிற்று, ஆகஸ்டில் மூன்று வருட ஷோ-காஸ் உத்தரவு வந்தது. ஷோ-காஸ் என்றால், இவரை வேலைக்கு எடுக்கும் எந்தப் பல்கலைக்கழகமும் தனக்கும் ஏன் தண்டனை தரக் கூடாது என்று காரணம் காட்ட வேண்டும். தடை என்று பெயர் இல்லை, நடைமுறையில் தடைதான். தண்டனை முடியும் தறுவாயில் ஆபர்ன் பல்கலைக்கழகம் அவரை எடுத்தது, 2019-ல் அந்த அணியை இறுதி நால்வர் வரை கொண்டுபோனார் என்பது தனிக் கதை.

இந்தக் கதையில் எனக்கு எப்போதும் உறுத்துவது அந்த அப்பா. அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. மகனோடு ஒரு விருந்துக்குப் போனார். இரண்டு வருடம் கழித்து விசாரணையில் உட்கார்ந்து, பெரிய கோச்சுக்கு எதிராக உண்மையைச் சொல்ல வேண்டிய நிலைமை. ஒரு கோச் உங்களிடம் "இது நமக்குள் இருக்கட்டும்" என்றால், காரைக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

ஃபோன் விதியால் விழுந்தவர் கெல்வின் சாம்ப்சன். ஓக்லஹோமாவில் கூடைப்பந்துக் கோச்சாக இருந்தபோது அவரும் உதவியாளர்களும் 550-க்கு மேற்பட்ட அனுமதியில்லாத அழைப்புகளைச் செய்தார்கள். 2006-ல் இண்டியானாவுக்கு மாறினார், கூடவே ஒரு வருடம் ஃபோன் செய்யக் கூடாது என்ற தண்டனையும் வந்தது. அவர் என்ன செய்தார்? உதவியாளர் ஃபோன் போட, இவர் மூன்றாம் ஆளாக இணைப்பில் சேர்ந்துகொண்டார். 2008 பிப்ரவரியில் 7,50,000 டாலர் வாங்கிக்கொண்டு விலகினார், அந்த வருடக் கடைசியில் ஐந்து வருட ஷோ-காஸ். வேடிக்கை என்னவென்றால், 2012-ல் ஆண்கள் கூடைப்பந்தில் ஃபோன் எண்ணிக்கைக் கட்டுப்பாட்டையே நீக்கிவிட்டார்கள். இன்று அவர் ஹூஸ்டனில் கோச், 2025-ல் இறுதி ஆட்டம் வரை போனார். அன்று அவரை வீட்டுக்கு அனுப்பிய அழைப்புகளில் பெரும்பங்கை இன்று ஒரு துணைக் கோச் காபி குடித்துக்கொண்டே செய்யலாம். அதற்காக அவர் மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. விதி முட்டாள்தனமாக இருக்கலாம், ஆனால் தண்டனைக் காலத்தில் அதையே வேறு வாசல் வழியாகச் செய்வது வேறு ரகம்.

உங்கள் விளையாட்டே டென்னிஸ் என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2019 மார்ச்சில் வெளிவந்த கல்லூரிச் சேர்க்கை மோசடி வழக்கில், ஆட்டமே ஆடாத பணக்காரப் பிள்ளைகளை ஆட்டக்காரர்கள் என்று காட்டிச் சேர்த்திருந்தார்கள். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் முன்னாள் டென்னிஸ் கோச் அதில் மாட்டி 30 மாதச் சிறை வாங்கினார். அது என்.சி.ஏ.ஏ. விதி மீறல் என்ற அளவில் நிற்கவில்லை, கூட்டாட்சிக் குற்றவியல் வழக்கு. அன்றிலிருந்து கோச் கொடுக்கும் பெயர்ப் பட்டியலைச் சேர்க்கை அலுவலகங்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கின்றன. இந்தச் சூழலில் நன்கொடையாளர் ஒருவர் ஒரு டென்னிஸ் மாணவிக்காகப் பேசினார் என்ற வாக்கியம் எப்படி ஒலிக்கும் என்று உங்கள் கணவரிடம் கேட்டுப் பாருங்கள்.

"இப்போதுதான் ஆட்டக்காரர்களுக்குக் கோடிக்கணக்கில் கொடுக்கிறார்களே, இன்னுமா இந்த விதிகள்?" என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் 9-0 என்று என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. அடுத்த மாதமே ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க வழி திறந்தது, என்.ஐ.எல். என்று சொல்கிறார்களே, அது. 2025 ஜூன் 6-ல், ஆட்டக்காரர்கள் பணத்தில் பங்கு கேட்டு என்.சி.ஏ.ஏ. மேல் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்தை நீதிபதி கிளாடியா வில்கென் ஏற்றுக்கொண்டார். பழைய ஆட்டக்காரர்களுக்கு ஏறக்குறைய 280 கோடி டாலர் இழப்பீடு, இனிமேல் பல்கலைக்கழகங்களே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், முதல் ஆண்டுக்கு ஒரு பல்கலைக்கழகத்தின் உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். வெளியாரோடு 600 டாலர் அல்லது அதற்கு மேல் ஒப்பந்தம் போட்டால் பதிவு செய்ய வேண்டும். அதைக் கண்காணிக்க காலேஜ் ஸ்போர்ட்ஸ் கமிஷன் என்று புதிய அமைப்பே வந்திருக்கிறது. அந்தப் பணத்தின் பெரும்பகுதி கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் போகும், டென்னிஸுக்குத் துளிதான். ஆனால் டென்னிஸைத் தொடும் மாற்றம் ஒன்று அதில் இருக்கிறது. முன்பு பெண்கள் அணிக்கு 8 முழு ஸ்காலர்ஷிப், ஆண்கள் அணிக்கு நாலரைதான், அந்த நாலரையைப் பிய்த்துப் பிய்த்துப் பங்கிடுவார்கள். சமரசத்தில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் இப்போது அணிக்கு 10 பேர் என்பதே வரம்பு. பணம் இருந்தால் பத்துப் பேருக்கும் முழுதாகக் கொடுக்கலாம். ஆனால் பதினோராவது ஆளுக்கு இடமே இல்லை, சொந்தச் செலவில் வருகிறேன் என்றாலும் கூட.

பணம் கொடுப்பது மாறியது. எப்போது பேசலாம், எங்கே சந்திக்கலாம், படிப்பில் என்ன தகுதி என்ற விதிகள் அப்படியே இருக்கின்றன. நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்ற பழைய ஒப்பந்தத் தாளை 2024 அக்டோபரில் ஒழித்துவிட்டார்கள். இப்போது பல்கலைக்கழகத்தின் நிதியுதவி ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் வரை எதுவும் உறுதியில்லை. கோச் வாயால் சொல்வது வாய்ச்சொல்தான், நீங்கள் வாயால் சொல்வதும் அப்படியே.

இங்கே நம்மவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. மகள் குடியுரிமையோ க்ரீன் கார்டோ இல்லாமல் ஹெச்-4 விசாவில் (ஹெச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கானது) இருந்தால், என்.ஐ.எல். பணம் அவளுக்கு வேலை செய்து சம்பாதிப்பது மாதிரி ஆகிவிடலாம். அதற்கு அந்த விசா இடம் தராது. எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கும் இதே சிக்கல். கென்டக்கி பல்கலைக்கழகத்தின் காங்கோ நாட்டுக் கூடைப்பந்து ஆட்டக்காரர் ஆஸ்கர் ஷிப்வே தன் விளம்பர வேலைகளை 2022-ல் அணி பஹாமாஸுக்குப் போன சமயம் பார்த்து அங்கே வைத்து முடித்தார், காரணம் இதுதான். ஸ்காலர்ஷிப் வேறு, அதில் பயமில்லை. ஆனால் ரேக்கெட் கம்பெனி இன்ஸ்டாகிராம் படத்துக்குக் காசு தருகிறேன் என்றால், குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் தலையாட்டாதீர்கள்.

இனி சென்னைப் பையன். மகேஷ் பூபதி 1995-ல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்காக என்.சி.ஏ.ஏ. இரட்டையர் பட்டம் வாங்கினார். சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியாவுக்காக 2007, 2008 இரண்டு வருடமும் ஒற்றையர் பட்டம். ஆகவே பாதை புதிது இல்லை. புதிதாக முளைத்திருப்பவர்கள் ஏஜென்ட்டுகள். ஆட்டக்காரரின் வீடியோ தயாரிக்க, கோச்சுகளுக்கு அனுப்ப, விண்ணப்பத்துக்கு வழிகாட்ட ஒருவர் குறிப்பிட்ட கட்டணம் வாங்கலாம். ஸ்காலர்ஷிப் கிடைத்தால் இவ்வளவு, அதில் இத்தனை சதவீதம் என்று வாங்கக் கூடாது. அப்படி ஒப்புக்கொண்டால் பையனின் ஆடும் தகுதியே கேள்விக்குள்ளாகும். ஏஜென்ட்டுக்கு ஒன்றும் ஆகாது, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போய்விடுவார். உங்கள் அக்காவிடம் சொல்லி அந்த ஒப்பந்தத்தை மாற்றச் சொல்லுங்கள், மாற்ற மறுத்தால் ஆளை மாற்றச் சொல்லுங்கள்.

பையன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து "ஒரு வருடம் முழுநேரமாக ஐ.டி.எஃப். (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு) டோர்னமென்ட் ஆடிவிட்டுப் போகிறேன்" என்று சொல்வான். எல்லாப் பையன்களும் சொல்வார்கள். டென்னிஸில் பள்ளிப் படிப்பு முடிந்த பிறகு ஆறு மாதம்தான் சலுகைக் காலம், மற்ற பல விளையாட்டுகளை விடக் குறைவு. அதைத் தாண்டிப் போட்டிகளில் ஆடினால், கல்லூரியில் ஆடக் கிடைக்கும் வருடங்களிலிருந்து கழித்துவிடுவார்கள். பரிசுப் பணத்துக்கும் விதி உண்டு. கல்லூரியில் சேரும் முன் டென்னிஸில் வருடத்துக்கு 10,000 டாலர் வரை வாங்கலாம் என்று அப்போது இருந்த வரம்பை எதிர்த்து 2024-ல் வட கரோலினாவின் ஆட்டக்காரி ஒருவர் வழக்குப் போட்டார். இந்தப் பகுதி விதிகள் வருடத்துக்கு வருடம் திருத்தப்படுகின்றன. போன வருடம் போன சீனியர் அண்ணன் சொன்னதை நம்பாமல், சேரப் போகும் பல்கலைக்கழகத்தின் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்துக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். பதில் எழுத்தில் வரட்டும். நாங்கள் பதில் போடுவோம், அதற்குத்தான் சம்பளம்.

படிப்புப் பகுதியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், நம் வீடுகளில் அதைப் பற்றி யாருக்கும் பாடம் தேவையில்லை. டிவிஷன் ஒன்றுக்கு 16 கோர் பாடங்கள், அவற்றில் ஆங்கிலம் நாலு, கணக்கு மூன்று, அறிவியல் இரண்டு கட்டாயம். மதிப்பெண் சராசரி (ஜி.பி.ஏ.) 2.3 போதும். எஸ்.ஏ.டி. தேவையை 2023 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள், என்.சி.ஏ.ஏ.வுக்குத்தான் தேவையில்லை, பல்கலைக்கழகத்துக்குத் தேவைப்படலாம். நம் பிள்ளைகள் சறுக்குவது மதிப்பெண்ணில் இல்லை, எந்தப் பாடத்தை எப்போது முடிப்பது என்பதில். 16-ல் பத்துப் பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன் முடித்திருக்க வேண்டும், அந்தப் பத்தில் ஏழு ஆங்கிலம், கணக்கு, அறிவியலில் இருக்க வேண்டும். டோர்னமென்ட்டுக்காக ஆன்லைன் பள்ளிக்கு மாறினால், அந்தப் பள்ளியின் பாடங்களை, ஆட்டக்காரரின் தகுதியைச் சரிபார்க்கும் என்.சி.ஏ.ஏ. எலிஜிபிலிட்டி சென்டர் ஏற்கிறதா என்று மாறும் முன்னால் பாருங்கள். மாறிய பின் பார்த்துக் கண்ணீர் விட்ட இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும்.

சரி, இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. படிவத்தை நிரப்பி அனுப்புங்கள். எலிஜிபிலிட்டி சென்டரில் கணக்குத் தொடங்குங்கள். கோச்சுக்கு மகளையே எழுதச் சொல்லுங்கள், நீங்கள் எழுத வேண்டாம். அடுத்த ஆட்டங்களின் அட்டவணை, ரேட்டிங், பத்து நிமிட வீடியோ, அவ்வளவு போதும். அவர் பதில் போட மாட்டார், போடக் கூடாது, ஆனால் படிப்பார். அவர்கள் கோடை கேம்ப் நடத்தினால் எல்லோரும் கட்டும் அதே கட்டணத்தைக் கட்டிப் போகலாம். தள்ளுபடி கேட்காதீர்கள், கொடுத்தாலும் வாங்காதீர்கள். அந்தக் கேம்ப்பிலும் ஜூன் 15-க்கு முன்னால் கோச் பேக்ஹேண்ட் சொல்லித் தருவாரே ஒழிய அணியில் இடத்தைப் பற்றிப் பேச மாட்டார். கணவரின் நண்பருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்து விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். நீங்கள் அவருக்கு வாங்கிக் கொடுப்பதை எந்த விதியும் தடுக்கவில்லை.

அப்புறம், ஜூன் 14 இரவு மகளின் ஃபோனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிறையக் கோச்சுகள் விடியும் வரை காத்திருக்க மாட்டார்கள். எழுதி வைத்த மெசேஜைக் கையில் வைத்துக்கொண்டு பன்னிரண்டு அடித்ததும் அனுப்புவார்கள். நாங்களும் அந்த இரவில் தூங்கியதில்லை, ஏனென்றால் எவராவது ஒரு கோச் 11:58-க்கு அனுப்பிவிடுவார்.